அண்ணன் கொடுத்த ஸ்கூட்டர் தேறிய விவரம்

பெருமதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே நலம். நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி, வச்சிடு" என்று சொல்லிவிடுவீர்கள். இந்த நன்றியை முழுசாகச் சொல்லியாக வேண்டும்.

விஷயம் இதுதான். நீங்கள் எனக்குக் கொடுத்த ஸ்கூட்டர் தகுதிச் சோதனையில் தேறிவிட்டது!

இது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரியும். காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருகிற வேலை. சான்றிதழ் இல்லாத வண்டியில் போகக் கூடாது, வண்டி இல்லையென்றால் வேலையும் இல்லை என்று லேப் மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். உங்கள் மாப்பிள்ளையோ, "அது ஃபெயில்தான், பழைய இரும்புக் கடைக்கு இப்பவே சொல்லி வச்சிடறேன்" என்று காலங்காத்தாலேயே வாழ்த்தி அனுப்பினார். வண்டியின் குணம் உங்களுக்குத் தெரியாததா? ஹேண்டிலை வலப்பக்கம் திருப்பினால்தான் ஹார்ன் அடிக்கும், நிற்க வேண்டிய இடத்துக்கு முந்தின தெருவிலேயே பிரேக் பிடிக்க ஆரம்பிக்க வேண்டும், பின்னால் ஆள் உட்கார்ந்தால்தான் பின்விளக்கு எரியும். பழகிப் பழகி இதெல்லாம் கோளாறு என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது. அதனால் சோதனைக்கு நான் செய்த ஒரே ஏற்பாடு, வண்டியைச் சோப்பு போட்டுக் கழுவியதுதான்.

அங்கே வரிசையில் நிறுத்திவிட்டுச் சுவரோரம் போய் நின்றேன். அதிகாரி என் தாளையும் சாவியையும் வாங்கிக்கொண்டு வண்டிகள் பக்கம் போனார். மனசு கேட்கவில்லை.

"சார், ஹார்ன் மட்டும் கொஞ்சம் வலது பக்கமா திருப்பி..."

"எனக்கே சொல்லித் தர்றீங்களாம்மா? ஓரமா நில்லுங்க."

சுவரைப் பார்த்துத் திரும்பிக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். ஹார்ன் கணீரென்று அடித்தது. பிரேக் சட்டென்று பிடித்தது. கடைசியில் அதிகாரி வந்து தாளை நீட்டினார்.

"இந்த வயசு வண்டிய இவ்ளோ நல்லா வச்சிருக்கறவங்களப் பாக்கறதே அபூர்வம்மா. யார் குடுத்த வண்டி?"

"எங்க அண்ணன் சார்!" என்று அந்த மைதானத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.

எனக்கு அடுத்து ஒரு மனிதர், பாவம். அதே நிறம், அதே வயசு ஸ்கூட்டர். ஹார்னும் இல்லை, விளக்கும் இல்லை, பிரேக்கும் இல்லை. அதிகாரி அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். மனிதர் பேயறைந்தவர் மாதிரி நின்றார். நான் சும்மா வந்திருக்கலாம். "வண்டிங்கறது நாம வச்சிக்கற விதத்துலதான் சார் இருக்கு" என்று புத்திமதி வேறு சொல்லிவிட்டு வந்தேன். திரும்பும் வழியில் வழக்கம்போல முந்தின தெருவிலேயே பிரேக் பிடித்தேன், வண்டி அங்கேயே நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்கள் என் பரம்பரையையே விசாரித்தார்கள். வண்டியும் மிரட்டினால் திருந்தும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணா, உங்கள் மாப்பிள்ளைக்கு வேலை போயிருந்த சமயத்தில், நான் கேட்காமலேயே சாவியை என் கையில் வைத்தீர்கள். அந்தச் சாவி இல்லையென்றால் இந்த வேலை எனக்குக் கிடைத்திருக்காது. எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது உங்களால்தான். நேரில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் இத்தனை நாள் சொல்லவில்லை.

அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். நீங்கள் போகிற பாதையெல்லாம் பச்சை விளக்காகவே எரியட்டும்.

என்றும் நன்றி மறவாத,
உங்கள் தங்கை

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது வாசல் மணி அடித்தது. சோதனையில் தோற்ற அந்த மனிதர். வியர்த்து விறுவிறுத்து ஒரு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். "நம்பர் பிளேட்டப் பாருங்கம்மா" என்றார். பார்த்தேன். நம் வண்டி. அதிகாரி என் தாளை வைத்துக்கொண்டு அவர் வண்டியை ஓட்டியிருக்கிறார், அவர் தாளை வைத்துக்கொண்டு நம் வண்டியை. நம் தேய்ந்த சாவி அவர் வண்டியையும் கிளப்பிவிட்டது, நம் வண்டியின் தேய்ந்த பூட்டுக்கு அவர் சாவியே போதுமாயிருந்திருக்கிறது. நம் வண்டிப் பெட்டியில் கிடந்த என் லேப் கார்டை வைத்து என்னைக் கண்டுபிடித்தாராம். திட்டுவார் என்று பயந்தேன். அவர் திட்டவில்லை. "இத நீங்க தினமும் ஓட்டறீங்களாம்மா? சர்டிபிகேட்ட வண்டிக்கில்ல, உங்களுக்குத்தான் குடுத்திருக்கணும்" என்று சொல்லி, தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார். மேலே எழுதிய நன்றியில் ஒரு வார்த்தையைக்கூட நான் அடிக்கவில்லை, அண்ணா. ஆனால் அவர் அதிகாரியிடம் சொல்லிவிட்டாராம், திங்கட்கிழமை இரண்டு வண்டிக்கும் மறுசோதனை, என் வேலை அதில்தான் தொங்குகிறது. அதற்குள் ஒரு நல்ல மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு நீங்களே வந்து சேருங்கள். வரும்போது பஸ்ஸில் வாருங்கள். நீங்கள் இப்போது ஓட்டுகிற வண்டியில் வந்தால், திரும்பிப் போகும்போது எதில் போவீர்கள் என்பதற்கு நான் பொறுப்பில்லை.