மலைக்குள் ஒரு மீட்புப் பிரிவு

தொண்ணூற்று நான்கு நாள், ஆறு மணி நேரம். சக்கரம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு போக்குவரத்துத் துறையில் நிகழ்ந்த மாபெரும் சாதனை நிறைவேற எடுத்துக்கொண்ட நேரம் அது. மேசையில் முதல் ஆணி அடித்ததிலிருந்து, அந்த மேசைமேல் ஒரு பொம்மை ரயில் முழுதாக ஒரு சுற்று வந்து நின்றது வரைக்கும் கணக்கு. தண்டவாளத்தின் மொத்த நீளம் ஒன்பது மீட்டர்.

"பொம்மை" என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் தடை இருந்தது. "மாதிரி இருப்புப்பாதை நிர்வாகம்" என்றுதான் சொல்ல வேண்டும்.

தங்கை இயற்பியல் படித்தவள். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தபோது அவள் மனதுக்குள் சராசரி வேகத்தைக் கணக்குப் போட்டாள். மணிக்கு நான்கு மில்லிமீட்டர். மூங்கில் குருத்து இதைவிட வேகமாக வளரும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பொதுவாகவே அவள் எதையும் யாரிடமும் சொல்வதில்லை. நிர்வாகத்தின் வாராந்தரக் கூட்டக் குறிப்பேட்டில் அவள் பெயருக்கு நேரே எல்லா வாரமும் "கருத்து இல்லை" என்றே இருக்கும்.

இந்தச் சாதனையின் சிற்பி அவளுடைய அண்ணன். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் குறை தீர்ப்புப் பிரிவின் தலைவர். பதினோரு வருடங்களாக அந்த நாற்காலியில் இருக்கிறார். அவர் காலத்தில் ஒரு புகார்கூட எண் இல்லாமல் போனதில்லை. ஒரு புகார்கூடத் தீர்ந்ததும் இல்லை. இரண்டையும் ஒரே ஆள் சாதிப்பது அபூர்வம் என்று அலுவலகத்தில் பேசிக்கொள்வார்கள்.

அந்த அலுவலகத்தில் இந்த வருடம் "மன அமைதி" வந்துவிட்டது. பயிற்சியாளர் ஒருவர் வந்து, அதிகாரிகள் ஒவ்வொருவரும் ஒரு பொழுதுபோக்கை மேற்கொண்டு நிம்மதி அடைய வேண்டும், அடைந்த நிம்மதியை மாதம் ஒரு முறை அறிக்கையாகச் சமர்ப்பிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். முதல் பரிசு பெறுபவருக்கு "அமைதிச் செம்மல்" என்ற பட்டம். அண்ணன் அன்று மாலையே ஒரு குட்டி ரயில் தொகுப்பும், "மாதிரி ரயில் அமைப்போருக்கான நடைமுறை ஆலோசனைகள்" அடங்கிய தடித்த கையேடும் வாங்கி வந்தார். நிம்மதி அடைவதற்காகக் குழு ஒன்றை அமைத்தார். அம்மா சிற்றுண்டிப் பிரிவு. அண்ணி குறிப்பேடு மற்றும் தூசி அகற்றல். தங்கை அவசர மீட்புப் பிரிவு. தங்கையின் அறை நிர்வாகத் தலைமையகம். தங்கையின் கட்டில் கூடத்துக்குப் போயிற்று, "தற்காலிகமாக".

கையேட்டை அண்ணன் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார். எந்தக் கோப்பிலும் முடிவுரையை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது பெரிய அதிகாரிகளின் வழக்கம். கையேட்டின் முடிவுரை, "இறுதியாக, மலைகள், மரங்கள் போன்றவற்றால் அழகுபடுத்துங்கள்" என்று இருந்தது. ஆகவே மலை முதலில் வந்தது.

கம்பி வலை, பழைய செய்தித்தாள், சுண்ணாம்புச் சாந்து. அறையின் பின்சுவரை ஒட்டி, மேசையின் தூரத்து ஓரத்தில், ஓர் ஆள் உட்கார்ந்தால் மறையும் அளவுக்கு மலை எழுந்தது. அதன் வயிற்றைக் குடைந்து தண்டவாளம் போயிற்று. கையேட்டின் முதல் பக்கத்தில் வேறு சில அற்ப விஷயங்கள் இருந்தன. கை எட்டும் தூரத்துக்கு மேல் மேசை அகலமாக இருக்கக் கூடாதாம். தண்டவாளத் துண்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மின்கம்பி பற்றவைக்க வேண்டுமாம். சுரங்கத்தை மூடுவதற்கு முன்னால் ஒரு வாரமாவது வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டுமாம்.

"இதெல்லாம் பயந்தாங்கொள்ளிங்களுக்கு" என்றார் அண்ணன்.

"மலைக்குள்ள வண்டி மாட்டிக்கிட்டா எப்படிங்க எடுக்கறது?" என்று அண்ணி கேட்டாள். "உங்க கை அவ்வளவு தூரம் எட்டாதே."

அண்ணன் யோசித்தார். தங்கையை ஏற இறங்கப் பார்த்தார். அந்த வீட்டில் மேசைக்கடியில் தவழ்ந்து போகக்கூடிய ஒல்லி அவள் மட்டுமே. மலைக்கு நேர் கீழே மேசையில் ஓர் ஓட்டை அறுக்கப்பட்டது. அதற்கடியில் ஒரு முக்காலி போடப்பட்டது. ரயில் ஓடும்போதெல்லாம் அவசர மீட்புப் பிரிவு முக்காலியில் அமர்ந்து, இடுப்புக்கு மேலே மலைக்குள் இருக்கும். அது கௌரவமான பதவி. சம்பளம் கிடையாது, ஆனால் நல்ல இருட்டு.

தொண்ணூற்று நான்காம் நாள் மாலை, அந்த வரலாற்றுச் சுற்று. ஊருக்கு ஒரே நிலையம். வண்டி கிளம்பும்போது நிலையத்தின் பெயர் "புறப்பாடு", திரும்பி வரும்போது "வருகை". அண்ணன் விசில் ஊதினார். வண்டி கிளம்பியது. வளைவில் திரும்பியது. சுரங்கத்துக்குள் நுழைந்தது. மலைக்குள் ஒரு சிறு மௌனம். பிறகு மறுவாயில் வழியாகக் கம்பீரமாக வெளியே வந்தது.

அண்ணன் துள்ளிக் குதித்தார். நாற்பத்திரண்டு வயதில் அவர் குதித்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. தங்கை மலையின் வாயில் வழியாக அதைப் பார்த்தாள். மேசைக்கடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தபோது அவள் ஆள்காட்டி விரலில் கொஞ்சம் எண்ணெய்க் கறை இருந்தது. வரலாறு அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

அதன் பிறகு தினமும் மாலை வண்டி ஓடியது. சுரங்கத்தைக் கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று அண்ணன் வரைபடம் போட்டார். பெரும்பாலும் பதினொன்று. தங்கை உள்ளே தும்மிய அன்று மட்டும் பத்தொன்பது. அதை "மலைப்பகுதிக் காற்றழுத்தம்" என்று பதிவு செய்தார். தங்கை கடைக்குப் போயிருந்த ஒரு நாள் வண்டி சுரங்கத்தைவிட்டு வெளியே வரவேயில்லை. அது "பராமரிப்பு விடுமுறை" ஆயிற்று.

"பாத்தியா, எவ்வளவு நிஜமா இருக்கு!" என்றார் அண்ணன்.

இந்த நேரத்தில்தான் தங்கைக்குக் கடிதம் வந்தது. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளர் வேலை. இரண்டு வருடங்களாக அவள் எழுதிப்போட்ட விண்ணப்பங்களுக்கு வந்த முதல் "ஆம்". திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அசல் பட்டச் சான்றிதழுடன் நேரில் வர வேண்டும். வராவிட்டால் பட்டியலில் அடுத்தவர் அழைக்கப்படுவார்.

சான்றிதழ் நீலக் கோப்பில் பத்திரமாக இருந்தது. நீலக் கோப்பு அவளுடைய சுவர் அலமாரியில் இருந்தது. அலமாரியின் கதவு வெளிப்புறமாகத் திறக்கும். கதவுக்கு முன்னால் மலை இருந்தது.

மீட்புப் பணியில் இருக்கும்போது அவள் அந்தக் கதவை உள்ளிருந்தே இழுத்துப் பார்த்திருக்கிறாள். இரண்டு விரல் அகலம் திறந்து, மலையின் கம்பி வலையில் முட்டி நிற்கும். இடுக்கு வழியாகக் கோப்பின் நீல விளிம்பு தெரியும். தினமும் மாலை அதைப் பார்த்துக்கொண்டேதான் அவள் ரயில்வேக்குச் சேவை செய்தாள்.

நேரில் கேட்க வாய் வரவில்லை. ஒரு தாளில் எழுதி, தண்டவாளத்தின் ஓரத்தில் அண்ணன் வைத்திருந்த புகார்ப் பெட்டியில் போட்டாள். சனிக்கிழமைக் கூட்டத்தில் அது எடுத்துக்கொள்ளப்பட்டது.

"பொருள் ஒண்ணு" என்றார் அண்ணன். "நாளைக்கு நாலு மணிக்கு எங்க பெரிய மேலாளர் மேடம் பார்வையிட வர்றாங்க. அமைதிச் செம்மல் யாருன்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க."

"அவங்களுக்கு டீயா காபியாடா?" என்று கேட்டாள் அம்மா.

"அதைச் சிற்றுண்டிப் பிரிவு எழுத்துமூலமா கேக்கணும்."

"என் அடுப்பங்கரையில நான் காபி போடறதுக்கு உனக்கு மனு குடுக்கணுமா? நல்லா இருக்குடா உன் நிம்மதி."

"குறிச்சுக்கோ" என்றார் அண்ணன், அண்ணியிடம். "சிற்றுண்டிப் பிரிவு அதிருப்தி."

"அடிக்கோடு போட்டே எழுதிட்டேன்" என்றாள் அண்ணி.

"பொருள் ரெண்டு. புகார் எண் ஒண்ணு." அண்ணன் தாளைப் பிரித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார். "'சுவர் அலமாரியைத் திறக்க மலையை ஒரு சாண் நகர்த்தித் தர வேண்டுகிறேன். திங்கட்கிழமை வேலையில் சேரச் சான்றிதழ் தேவை.' மனுதாரர் வந்திருக்காரா?"

"உங்க எதிர்லதாங்க உக்காந்திருக்கா."

அண்ணன் தங்கையைப் பார்த்து, முதன்முதலாகச் சந்திப்பவரைப் போலத் தலையசைத்தார். "உங்கள் புகார் எங்களுக்கு மிக முக்கியம். பதிவு செஞ்சாச்சு. திங்கக்கிழமைக்கு அப்புறம் பரிசீலிப்போம்."

"திங்கக்கிழமைதாங்க அவளுக்கு வேணும்!"

"அப்ப 'அவசரம்'னு போட்டிருக்கணும். அவசரத்துக்குத் தனிப் படிவம் இருக்கு."

"எங்க இருக்கு?"

அண்ணன் நெற்றியைத் தேய்த்தார். "அந்த அலமாரியிலதான் வெச்சேன்."

"ஏண்டா, ஒரு சாண் நகத்துனா மலைக்கு என்ன, வலிக்கவா போகுது?" என்றாள் அம்மா.

"அம்மா, அது நிரந்தரக் கட்டுமானம். ஒட்டியாச்சு. அசைச்சா நாளைக்கு மேடம் முன்னாடி என்ன ஆகும்? பதினோரு வருஷத்துல முதல் தடவையா ஆபீஸ்ல என்னை ஒரு விஷயத்துக்குப் பாராட்டப் போறாங்க. அது யாருக்காவது புரியுதா?" அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். "மனுதாரர் ஏதாவது சொல்றாரா?"

அண்ணி பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு எழுதினாள்: கருத்து இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தூசி தட்டும்போது அண்ணி தங்கையின் காதருகே வந்தாள். "ஏய், அந்த மலை ஒட்டவேயில்லடி. தொட்டாலே ஆடுது. பேசாம தூக்கிப் போட்டுட்டுப் போய் எடு."

அண்ணனின் பசையும் குறை தீர்ப்புப் பிரிவைச் சேர்ந்ததுதான். ஒட்டியது போலவே இருந்தது.

"அண்ணா பாவம் அண்ணி" என்றாள் தங்கை.

"அப்ப நீ யாரு?" என்று கேட்டுவிட்டு அண்ணி தூசி தட்டப் போனாள்.

நான்கு மணிக்கு மேடம் வந்தார். காபி குடித்தார். "போன வருஷம் நான் செடி வளத்தேன்" என்றார். "எல்லாம் செத்துப்போச்சு. உங்களோடது எப்படி, உயிரோட இருக்கா?"

"முழுக்க முழுக்கத் தானியங்கி மேடம்" என்றார் அண்ணன். "யாரும் கையே வைக்க வேண்டாம். பட்டனை அழுத்தினாப் போதும், நிர்வாகம் தானா நடக்கும்."

மலைக்குள் முக்காலியில் இருந்த தங்கைக்கு அது தெளிவாகக் கேட்டது. யாரும் கையே வைக்க வேண்டாம். அவள் தன் விரலைப் பார்த்தாள். இருட்டில் தெரியவில்லை. அலமாரி இடுக்கில் நீல விளிம்பு மட்டும் தெரிந்தது.

விசில். வண்டி "புறப்பாடு" நிலையத்தை விட்டது. வளைவில் திரும்பியது. சுரங்கத்துக்குள் நுழைந்தது. அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

தங்கை இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

பதினோரு விநாடி. பத்தொன்பது விநாடி.

"மலைப்பகுதிக் காற்றழுத்தம் மேடம்" என்றார் அண்ணன்.

நாற்பது விநாடி.

"காற்று ரொம்ப அழுத்துதோ?" என்றார் மேடம்.

"பாத்துடறேன் மேடம்." அண்ணன் மேசைமேல் எக்கிப் படுத்தார். கை எட்டவில்லை. வயிற்றுக்கடியில் குட்டி மரங்கள் நொறுங்கின. சுரங்க வாயை நோக்கி மெல்லிய குரலில் கூப்பிட்டார். "மீட்புப் பிரிவு... மீட்புப் பிரிவு! ஏய், கேக்குதா? உன் புகாரை நாளைக்கே முன்னுரிமைல எடுத்துக்கறேன். புது எண் தரேன்!"

முக்காலி கிறீச்சிட்டது. பிறகு மலை எழுந்தது.

கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு பக்கம் சாய்ந்து, சாந்துப் பொடி கொட்ட, ஒரு பெண்ணின் தோள்மேல் அது எழுந்தது. கவிழ்ந்து ஓரமாக உட்கார்ந்தது. இத்தனை நாள் முட்டி நின்ற அலமாரிக் கதவு தானாகவே அகலத் திறந்துகொண்டது. அந்த வீட்டிலேயே தானாக இயங்கியது அது ஒன்றுதான். தங்கை கையை நீட்டி நீலக் கோப்பை எடுத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் தலைமுடியில் ஒரு சின்ன மரம் சிக்கியிருந்தது.

"இது யாரு?" என்று கேட்டார் மேடம்.

"எங்க அவசர மீட்புப் பிரிவு மேடம்" என்றார் அண்ணன், மேசைமேல் படுத்தபடியே.

"எதுக்கு?"

"சும்மா, ஒரு பாதுகாப்புக்கு. இவங்களுக்கு வேலையே இல்ல மேடம், வண்டி தானா ஓடிடும். இன்னைக்குத்தான் என்னமோ தெரியல..."

மேடம் அவரை விட்டுவிட்டுத் தங்கையைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. என்ன ஆச்சு வண்டிக்கு?"

அண்ணி பழக்கதோஷத்தில் குறிப்பேட்டைத் திறந்து "கருத்து" என்று எழுதிவிட்டு, அடுத்த சொல்லுக்கு முன்னால் பேனாவைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"சுரங்கத்துல கரண்டே வரல மேடம்" என்றாள் தங்கை. "முதல் நாள்ல இருந்து நான்தான் தள்ளிட்டிருக்கேன்."