எழுநூறு டிகிரிக்குக் காவல்

பொச்சாவாமை என்று பழந்தமிழில் ஒரு குணம் உண்டு. மகிழ்ச்சி பொங்கும் வேளையிலும் கடமையை மறவாத விழிப்பு அது. அரசருக்கு அது அணி; துறவிக்கு அது தவம்; அடுப்பில் பாலை வைத்தவருக்கு அதுவே வாழ்வு. இத்தகைய அருங்குணம் முழுவதையும் ஒருவர் திரட்டிக் கொண்டுபோய்த் தம் வண்டியின் புகைக்குழாயில் வைத்துவிட்டால், அன்பரே, அவரை நாம் அனல்காவலர் என்று அழைக்கிறோம்.

இவ்வினத்தார் பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் அண்மைக் காலமாகப் பல்கி வருகின்றனர். அடையாளம் காண்பது எளிது. நான்கு சக்கரமும் இழுக்கும் டர்போ டீசல் ஜீப் ஒன்று வைத்திருப்பார். அதன் முன்சக்கரங்கள் எதையும் இழுத்ததாகக் கண்டவர் இலர். வாங்கிய வண்டியின் வலிமை போதாதென்று அதைத் திருச்சியில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய், இன்ஜினுக்குள் டீசல் கூடுதலாகப் பாயும்படி ட்யூன் செய்திருப்பார். டீசல் கூடினால் வலிமை கூடும். வலிமையோடு புகையின் சூடும் கூடும். சூடு எல்லை கடந்தால், இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ கருகிப்போகும். ஆகவே அந்தச் சூட்டை அளக்க ஒரு மீட்டர். முன்பு மாதா சுரூபம் நின்ற இடத்தில் இப்போது மீட்டர் நிற்கும். மாதா டேஷ்போர்டுப் பெட்டிக்குள் எழுந்தருளியிருப்பார்.

அன்றுமுதல் அவர் சாலையைப் பார்ப்பதில்லை. முள்ளைப் பார்க்கிறார்.

வரதராசன்பேட்டை லியோ பிரபுவை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியர். "நல்லா இருக்கீங்களா சார்?" என்று கேட்டுவிடாதீர்கள். "ஜெயங்கொண்டம் வரைக்கும் முந்நூத்தம்பதத் தாண்டலீங்க" என்பார். மனைவி சுகன்யா மேரி காய்ச்சலில் படுத்திருந்தபோது தெர்மாமீட்டரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நூத்தி ரெண்டுதானா? வண்டிய சும்மா ஓடவுட்டாலே இதவுட ஜாஸ்தி காட்டும்."

"அப்ப எனக்குச் சூடே இல்லேன்னு சொல்லுங்க. எந்திரிச்சு சோறாக்கட்டுமா?" என்றார் அந்த அம்மையார்.

லியோ பிரபு எந்த ஊருக்குப் போனாலும் போய்ச் சேர்வதில்லை. வாசலில் வண்டி நிற்கும், இன்ஜின் ஓடும், முள் இறங்கும்வரை இவரும் இறங்கமாட்டார். உடனே அணைத்தால் டர்போவுக்குள் எண்ணெய் தீய்ந்துவிடுமாம். துக்க வீடென்றால், சவத்தை எடுத்துக்கொண்டு போனபிறகே இவருடைய மாலை உள்ளே வரும். மலையேற்றத்துக்கென்றே பிறந்த வண்டியாயிற்றே, பெரம்பலூருக்கு மேற்கே பச்சைமலைக்குப் போனாரா என்றால், இல்லை. சூடு ஏறிவிடுமாம்!

இதனால் எவருக்கும் பெருந்தீங்கில்லை என்பீர்கள். அனல்காவலர் தாய்மாமனாகவும் இருந்துவிட்டால்?

அவருடைய அக்காள் மதலேனம்மாளின் மகள் நான்சிக்கு ஏலாக்குறிச்சிக் கோயிலில் திருமணம். மணப்பெண்ணைத் தாய்மாமன் தன் வண்டியில் அழைத்துவந்து, கைப்பிடித்துப் பீடம்வரை கொண்டுபோய்விடுவது அக்குடும்பத்தின் வழக்கம். வேறு வண்டி வைத்தால் மாமன் முறையை அவமதித்ததாகும். சாமியாரோ திட்டமாகச் சொல்லியிருந்தார்: பத்து மணிக்குத் திருமண மந்திரிப்பு; அது முடிந்ததும் அவர் அடுத்த கிராமத்துக்கு அடக்கப் பூசைக்குப் போகவேண்டும்; பெண் பிந்தினால் மந்திரிப்பு மாலைக்குத் தள்ளிப்போகும். மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் நிச்சயம் செய்த நாள்முதல் குறை தேடிவருபவர். இப்படி ஒரு குறை கிடைத்தால் பேரப்பிள்ளைகள் காலம்வரை பேசித் தீர்ப்பார்.

இந்நிலையில் நான்சி வெண்பட்டும் முக்காடுமாக, தாயோடு ஜீப்பில் ஏறினாள். சமவெளியெல்லாம் முள் அடக்கமாக இருந்தது. அரியலூர் ரயில்வே மேம்பாலம் வந்தது. நம் வழியில் இமயமும் அதுதான், பொதிகையும் அதுதான். முன்னால் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்தது. லியோ பிரபு மேல் கியரிலேயே மிதித்தார். முள் அறுநூற்றைத் தாண்டியது. வண்டி ஓரமாக நின்றது.

"அக்கா, எறங்குங்க. நான்சி, நீயும் எறங்கு பாப்பா. பாலத்த மட்டும் நடந்து வந்துருங்க. எடை கொறஞ்சா சூடு கொறயும்."

"ஏண்டா, எம்பொண்ணு எடையிலயா ஒன் வண்டி வேவுது? மிதிக்கிற கால கொஞ்சம் எடுடா, சூடு தன்னால எறங்கும்!"

"கால எடுத்தா, அப்புறம் ட்யூன் பண்ணதுக்கு என்னக்கா அர்த்தம்?"

மதலேனம்மாள் கதவைத் திறந்து இறங்கினார்.

மணப்பெண் மேம்பாலம் ஏறினாள். பூச்செண்டைக் குடைபோல் பிடித்துக்கொண்டாள்; தாய் பின்னால் முந்தானையைத் தூக்கிக்கொண்டு வந்தார்; சிமென்ட் லாரிகள் வாழ்த்தொலி முழங்கின. தன்னந்தனியராகிய லியோ பிரபு, எடை குறைந்த மகிழ்ச்சியில் இன்னும் ஓங்கி மிதித்தார். கரும்புகை பொங்கியது. முள் எழுநூற்றைத் தொட்டது. மறுபுறம் இறங்கியதும் புளியமர நிழலில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, கைகட்டி அமர்ந்தார்.

"மாமா, நானும் பாலத்தத் தாண்டிட்டேன், ஒங்க வண்டியும் தாண்டிடுச்சு. இன்னும் என்னத்துக்கு நிக்கிறோம்?"

"ஆறணும் பாப்பா."

"சாமியார் போயிடுவாரு மாமா!"

"சாமியாரு போனா திரும்பி வருவாரு. டர்போ போனா வருமா?"

பாலத்திலிருந்து இறங்கிவந்த ஏலாக்குறிச்சிப் பேருந்தின் குறுக்கே நான்சி பூச்செண்டை நீட்டினாள்.

"கல்யாணப் பொண்ணா? ஏறும்மா, ஏறும்மா!" என்று படியில் நின்ற கண்டக்டர் சின்னதுரை கூவினார். "அண்ணே, இனிமே எங்கயும் நிறுத்தாதீங்க. நேரா கோயில் வாசல்தான்!"

தாயும் மகளும் ஏறிய பேருந்து போய் நின்றபோது கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. பீடம்வரை கைப்பிடித்துச் செல்ல மாமன் எங்கே? மாப்பிள்ளையின் அத்தை வாய் திறப்பதற்குள் மதலேனம்மாள் கண்டக்டரின் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினார். "வாங்க தம்பி, இன்னிக்கி நீங்கதான் தாய்மாமன்." தோளில் பையும் கையில் டிக்கெட் மெஷினுமாகச் சின்னதுரை மணப்பெண்ணை அழைத்து நடந்தார். பயணிகளில் பாதிப்பேர் மந்திரிப்புக்கும், மற்றப் பாதிப்பேர் பிரியாணிக்கும் தங்கிவிட்டனர். சாமியார் மணமக்களிடம் சம்மதம் கேட்டபோது வெளியே ஓர் இன்ஜின் உறுமத் தொடங்கி, இறுதி ஆசீர்வரை ஓயாமல் உறுமியது.

பிறகு முகமெல்லாம் மலர லியோ பிரபு உள்ளே வந்தார்.

"அக்கா, நூத்தெம்பதுக்கு எறங்கிடுச்சு!"

"வாடா தம்பி. மாமன் முறைக்கு ஆளு போட்டாச்சு. நீ பந்திக்குப் போ. கொழம்பு எத்தன டிகிரின்னு பாத்துச் சொல்லு."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அன்பரே, மகன் முதன்முதலாக மேடையேறிப் பேசிய அன்று, நீங்கள் அவன் முகத்தையா பார்த்தீர்கள், செல்பேசியில் எத்தனை சதவீதம் சார்ஜ் மீந்திருக்கிறதென்றா? நண்பர் தம் துயரத்தைச் சொல்லி அழுதபோது, உங்கள் கைக்கடிகாரம் காட்டிய நாடித்துடிப்பை நீங்கள் ஒருமுறையும் நோக்கவில்லையா? உங்களுக்கும் எங்கோ ஒரு முள் இருக்கிறது. அது இந்நேரம் எங்கே நிற்கிறதென்று பார்க்க விரல் துடிக்கிறதல்லவா?

போகட்டும். லியோ பிரபுவின் இல்லம் நெடிது வாழ்க! அவர் வயலில் முந்திரி காய்த்துக் குலுங்குக; குதிரில் நெல் குறையாதிருக்க; அவ்வீட்டில் பிறக்கும் பெண்மக்களுக்கெல்லாம், இடையில் ஒரு மேம்பாலமும் இல்லாத ஊர்களிலேயே மணமகன்கள் அமைக!