நாலு த்ரெட்டும் ஒரு சில்வர் ஓக்கும்

ஏற்காட்டில் மரம் வெட்ட அனுமதி தரும் அலுவலகத்துக்கு 1998-இல் கணினி வந்தது. புரோகிராம் எழுத சேலத்திலிருந்து வந்த ஆறுமுகம், நாகலூரில் ஐயாக்கண்ணு வீட்டில் வாடகைக்கு அறை எடுத்தான். அந்த அறைக்கு மேலே ஒரு சில்வர் ஓக் மரம் சாய்ந்து நின்றது. அதை வெட்டத்தான் ஐயாக்கண்ணு மனுப் போட்டிருந்தார். ஆகவே ஆறுமுகம் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தான்.

கணினிக்குள் வேலை செய்கிற ஆளுக்கு த்ரெட் என்று பெயர். மனுவுக்கொரு த்ரெட்டைப் புதிதாக உண்டாக்கலாம். அல்லது நாலை மட்டும் நிரந்தரமாக வைத்துக்கொண்டு மனுக்களைப் பங்கிட்டுக் கொடுக்கலாம். எது வேண்டும் என்று அதிகாரி நல்லமுத்துவிடம் கேட்டான். முதலாவது, ஒப்புதல் பெறாத நியமனம் என்று அவர் தள்ளிவிட்டார். நாலே போதும் என்றார். ஆறுமுகத்துக்கும் அதுவே சம்மதம். அவர் அதோடு விட்டிருக்கலாம்.

“ஆனா தம்பி, எந்த த்ரெட்டும் தன்னிச்சையா முடிவெடுக்கக் கூடாது. மேல் த்ரெட்டுக்கு அனுப்பிட்டு, பதில் வர்ற வரைக்கும் அசையாம நிக்கணும்.”

“மேல் த்ரெட்டு எங்கிருந்துங்க வரும்?”

“அந்த நாலுல எது சும்மா இருக்கோ அது.”

“நாலுமே பதிலுக்கு நின்னுட்டா என்னங்க ஆகும்?”

“நிக்கட்டும். அதுதான் ஒழுங்கு.”

மேல் வேலைக்குத் தனியாக நாலு கேட்டுப் பார்த்தான். புதிய பணியிடம் என்பதால் கோப்பு சென்னைக்குப் போனது.

தொடக்க விழாவில் நாலு மனுக்களை ஒரே நேரத்தில் போட்டார்கள். முதலாவது ஐயாக்கண்ணுவுடையது. நாலு த்ரெட்டும் ஆளுக்கொன்றை எடுத்துப் படித்து, மேலே அனுப்பிவிட்டு நின்றன. மேலே இருந்து பார்க்க ஐந்தாவது கிடையாது. திரையில் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று நாலு வரி வந்தது. நல்லமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த நிலையை எட்ட முன்பெல்லாம் மூன்று மாதம் பிடிக்கும். இப்போது மூன்றே நொடி.

ஆடிக் காற்றில் மரம் விழுந்தது. ஆறுமுகம் கடைவீதிக்குப் போயிருந்ததால் பிழைத்தான்; அறை பிழைக்கவில்லை. மரத்தின் மறுபாதி ரோட்டை மறித்துக் கிடக்க, பஸ் நின்றுகொண்டிருந்தது. நாலு பேர் கோடாலியோடு நின்றார்கள். நல்லமுத்து மேல் இருந்த ஆத்திரமெல்லாம் பொங்க, இன்னும் ஏன் வெட்டவில்லை என்று ஆறுமுகம் கேட்டான்.

“மொத வெட்டு மெம்பர் போடோணும் சாமி. அதானுங்க மரியாத,” என்றார் ஐயாக்கண்ணு.

வார்டு மெம்பர், எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரைப் பார்த்தார். ரைட்டர், வயதில் மூத்த சென்றாயனைப் பார்த்தார். ஊட்டுக்காரர் ஐயாக்கண்ணு இருக்கும்போது நாம் கை வைக்கலாமா என்றார் சென்றாயன்.

ஆறுமுகத்துக்கு நோய் புரிந்துவிட்டது. ஐந்தாவதாக ஒரு ஆள் வந்தால் போதும். காலடியில் ஒரு கோடாலி சும்மாதான் கிடந்தது. ஆனால் வாடகைக்கு இருக்கிறவன் முந்திக்கொள்வது முறையாகாது. ஐயாக்கண்ணு ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று அவனும் போய் வரிசையில் நின்றான்.