வளர்பிறைப் பஞ்சமியில் இறக்கிய புளிக்காய்ச்சல்

உத்திரமேரூர்,
வெள்ளிக்கிழமை

அன்பு மருமாள், வக்கீல் தேஜஸ்வினிக்கு,

மாமா ஜெகந்நாதன் மனமார்ந்த ஆசீர்வாதம். இங்கே பெருமாள் கிருபையில் நானும் மாமியும் சௌக்கியம். மாமி மூன்று நாளாக என்னோடு பேசவில்லை என்பதைத் தவிர வேறு குறையில்லை. அங்கே உன் அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

விஷயத்துக்கு வருகிறேன். மாமியின் புளிக்காய்ச்சலை வியாபாரமாக்கியபோது, லைசென்ஸ் நம்பர், தயாரித்த தேதி, கெடும் தேதி, சேர்த்த பொருள்கள் எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும், அதுதான் சட்டம் என்று நீ மாதிரி லேபிள் ஒன்று எழுதி அனுப்பினாய் அல்லவா? படித்தால் பசியே போய்விடும் போலிருந்தது. முப்பத்தோரு வருஷம் கோயில் ஆபீசில் உற்சவப் பத்திரிகை எழுதிய கை சும்மா இருக்குமா? கொஞ்சம் மெருகேற்றி, கல்யாணப் பத்திரிகை அடிக்கும் புருஷோத்தமனிடம் கொடுத்தேன். அவன் தன் பங்குக்கு இரண்டு பக்கமும் வாழைமரம் போட்டு, “சோக்கா வந்துகீது சாமி” என்று நீட்டினான். அறுபது பாட்டிலில் ஒட்டி வேதகிரியின் மளிகைக் கடையில் வைத்தோம். காஞ்சிபுரத்துக் கடைக்காரர் ஒருவர் அங்கே வந்து பார்ப்பதாகவும், எல்லாம் சரியாக இருந்தால் வாராவாரம் எடுத்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார். மாமியின் பெயருக்கு வரும் முதல் ஆர்டர். அந்தச் சந்தோஷத்தில் இரண்டு நாள் என் காபியில் சர்க்கரை தாராளமாக விழுந்தது.

நானும் மாமியும் வேதகிரி கடையில் காத்திருக்க, காஞ்சிபுரத்தார் வருவதற்கு முன்பே உணவுப் பாதுகாப்பு அதிகாரியம்மா வந்துவிட்டார். பாட்டிலை எடுத்து, “விசுவாவசு வருடம், ஆவணி பன்னிரண்டு, வியாழக்கிழமை, வளர்பிறைப் பஞ்சமி கூடிய சுபதினத்தில் கிளறி இறக்கியது” என்று கடையே கேட்க வாசித்தார். “ஐயா, இது புளிக்காய்ச்சலா, காதுகுத்தா?” என்றார். கெடும் தேதி எங்கே என்று கேட்டார். சாப்பிடும் பொருளில் ‘கெடும்’ என்று எழுதுவது அமங்கலம் என்பதால், ‘மூன்று மாதம் வரை நன்று, அதற்குமேல் பெருமாள் விட்ட வழி’ என்று போட்டிருந்தேன். அதைக் காட்டினேன். “பெருமாளுக்கு நோட்டீஸ் அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லீங்க. உங்களுக்குத்தான் அனுப்பணும்” என்றார். சேர்த்த பொருள்களின் கடைசியில் ‘குடும்ப ரகசியம்’ என்றிருந்தது. அது என்ன என்று விடாமல் கேட்டதில் மாமி, “வேர்க்கடலை” என்று முணுமுணுத்தாள். “சிலருக்கு வேர்க்கடலை ஒத்துக்காது, மூச்சே அடைச்சிடும். அவங்களுக்காகத்தாங்க இந்தச் சட்டம்” என்றார். உண்மையைச் சொன்னால் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வேதகிரி, “இன்னா சாமி, என் கடையையும் பேஜார்ல இட்டாந்து உட்டுட்டியே” என்று கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. அறுபது பாட்டிலும் இப்போது கூடத்தில் இருக்கின்றன. “நான் கிளறினதுல ஒரு குத்தம் சொல்ல முடியலை. நீங்க எழுதினதுலதான் அத்தனை குத்தமும்” என்று சொன்னவள்தான், அப்புறம் வாயே திறக்கவில்லை.

ஆகவே என் முடிவைக் கேள். தெரிந்தவர்களுக்குள் செய்யும் வியாபாரத்தில் சட்டத்துக்கு என்ன வேலை? ருசி பிடித்தால் வாங்குகிறான், பிடிக்காவிட்டால் போகிறான். பெயரைப் பதிவு செய்ய வேண்டும், காஞ்சிபுரத்தாரோடு ஒப்பந்தம் எழுத வேண்டும் என்றெல்லாம் இனி எனக்குப் போன் பண்ணாதே. எடுத்த லைசென்ஸையும் திருப்பிக் கொடுத்துவிடு. லேபிளே இல்லாமல் விற்றுக்கொள்கிறோம்.

சீக்கிரம் ஒரு நல்ல வரன் அமைந்து, கட்சிக்காரர்கள் பெருகி, நீ நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் மாமா
ஜெகந்நாதன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் வேதகிரி ஓடிவந்தான். பக்கத்துச் சாலவாக்கத்தில் எவனோ ‘ரங்கநாயகி மாமி புளிக்காய்ச்சல்’ என்று விற்கிறானாம். மாமியின் பெயர், என் பஞ்சமி, என் பெருமாள், புருஷோத்தமனின் வாழைமரம், ஒன்று விடவில்லை படுபாவி! வாயில் வைத்தால் புளிப்பே இல்லையாம், வெறும் வெல்லப்பாகாம். மாமி இப்போதுதான் பேசினாள்: “தேஜுவை அடுத்த பஸ்ஸிலேயே வரச் சொல்லுங்கோ.” மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. பெயரைப் பதிவு செய், ஒப்பந்தம் எழுது, லேபிளையும் நீயே எழுது, இனி நான் பேனாவைத் தொடமாட்டேன். இன்னொன்று: அந்த அதிகாரியம்மா சாலவாக்கம் பக்கம் இன்னும் போகவில்லையாம். அவருடைய போன் நம்பர் உன்னிடம் இருக்கிறதா?