சம்பந்தியின் பாட்டிலில் கசடு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் மாமனார் எங்களைவிட நலம். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

மாமனார் வீட்டில் கூரை மாற்றும்வரை பத்து நாள் இங்கே தங்கட்டும், மல்லுக்கு மட்டும் நிற்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டாய். நிற்கவில்லையம்மா, நிற்கத் தெம்பும் இல்லை. தினமும் சாயங்காலம் கிளாஸில் இரண்டு விரற்கடை சிவப்பு ஒயினை ஊற்றி, சுழற்றி, என் மூக்கடியில் நீட்டி, "என்ன வாசனை வருது சம்பந்தி?" என்கிறார். ஒன்றும் வரவில்லை என்றால் விடுவதில்லை. "நல்லா இழுங்க. பழைய தோல், ஈர மண்ணு, புகையிலை. இது பிரான்ஸ் பர்கண்டி. நேத்து குடிச்சது ஸ்பெயின் ரியோஹா." முப்பத்திரண்டு வருஷம் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவன் நான். தண்ணீரில் இந்த மூன்றில் ஒரு வாசனை வந்தாலும் குழாயை அடைத்துவிட்டு லாரியில் தண்ணீர் அனுப்பியிருப்போம்.

உன் மாமனார், மாப்பிள்ளை பிறந்த வருஷத்துப் போர்தோ ஒயின் பாட்டில் ஒன்றை, வெள்ளிக்கிழமை உங்கள் கல்யாண நாளுக்குத் திறப்பதற்காக என் அலமாரியில் வைத்திருந்தார் அல்லவா? நேற்று அவர் முடிவெட்டப் போன நேரத்தில் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்; அடியில் ஒரு விரல் கசடு. கை சும்மா இருக்குமா? குழந்தைகள் குடிக்கப்போகிறார்களே என்று தக்கையைப் பிடுங்கி, பாத்திரத்தில் கொட்டி, கலங்கல் தண்ணீருக்குப் போடுவதுபோல் படிகாரம் போட்டுக் கலக்கி, தெளியவைத்து, வடிகட்டி மறுபடி பாட்டிலில் ஊற்றிவிட்டேன். பளிச்சென்று இருந்தது. பெருமையாக அவரிடம் காட்டினேன். மனுஷர் பாட்டிலை வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, "அந்தக் கசடுதான் சம்பந்தி அதோட வயசு. ஒரு நாள் அசைக்காம நிறுத்தி, மேலாப்புல மெதுவா ஊத்திக்கணும், அவ்வளவுதான்" என்றார். திட்டியிருந்தால் தேவலை. திட்டுகிற வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள்: "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தீங்களே."

இன்று காலை அவருக்கு நானே காப்பி போட்டேன். சாயங்காலம் தோல் வாசனை வருகிறதென்று ஒத்துக்கொள்ளப் போகிறேன். என்னால் உன் புகுந்த வீட்டில் மனக்கசப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை வந்து அவரை அழைத்துப் போய்விடு. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் திராணியில்லை.

நீங்கள் இருவராவது ஒருவர் பாட்டிலை ஒருவர் தொடாமல் நெடுங்காலம் வாழ்க.

உன் அப்பா

பி.கு.: மருமகளே, மாமனார் எழுதுகிறேன். தபாலில் போடச் சொல்லி அப்பா உறையை ஒட்டாமல் கொடுத்தார். படிக்காமல் எப்படி இருப்பது? அந்தப் பாட்டிலில் தக்கை கசிந்து, ஒயின் மட்டம் கழுத்துக்குக் கீழே இறங்கி மூன்று வருஷமாகிறது. உள்ளே இருந்தது வெறும் காடி. உன் அப்பாவின் மூக்குக்கு அதுகூடத் தெரியவில்லை. முப்பது வருஷமாகப் பையனிடம் பீற்றிக்கொண்டதை எந்த முகத்தோடு திறப்பது என்று தவித்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா காப்பாற்றிவிட்டார். இதை அவரிடம் சொல்லிவிடாதே. நான் ஒயினைப் பற்றிப் பேசி இதுவரை ஒருவரும் கடைசிவரை கேட்டதில்லை. பாவம், இவர் கேட்கிறார். வெள்ளிக்கிழமை வாருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கூரை வேலை நேற்றே முடிந்துவிட்டது; முடியவில்லை என்று அப்பாவிடம் சொல்லிவிடு.