வடக்கே நகர்ந்த வரப்பு

கண்டங்கள் நகர்கின்றன என்று கண்டுபிடித்த புகழை மேல்நாட்டார் கொண்டுபோய்விட்டார்கள். நியாயமாகப் பார்த்தால் அது நன்னிலத்துக்குக் கிழக்கே, கீழத்தோப்பூர் பண்ணையார் இராஜாங்கம் அவர்களுக்குச் சேர வேண்டியது. நாற்பது வேலி நிலத்தைக் கறவை மாடுகளின் பெயரில்கூட எழுதிவைத்துக் காத்துவந்தவர். ஆட்சி மாறிய மறுநாளே கரைவேட்டிக்கு மாறிய பகுத்தறிவாளர்.

அப்படியும் உச்சவரம்புச் சட்டத்தில் ஒரு மா, அதாவது நூறு குழி, ஏக்கரில் மூன்றிலொரு பங்கு, கைநழுவித் தங்கம்மாளுக்குப் பட்டாவாகிவிட்டது. அவர் பண்ணையில் காலமெல்லாம் நடவு நட்டவள் அவள். சொந்த நிலம் கிடைத்த சந்தோஷத்தில் தெற்கு வரப்பிலிருந்து வடக்கு வரப்பு வரை எட்டுவைத்து எண்ணி நடந்து பார்த்தாள். நாற்பத்தெட்டு எட்டு. மறு வருஷம் நாற்பத்தாறு. அதற்கடுத்த வருஷம் நாற்பத்து நாலு. புருஷன் ஐயாவுவிடம் சொன்னாள்.

"உனக்குக் கால் நீண்டிருக்கும்," என்றான் ஐயாவு, வேறு பக்கம் பார்த்தபடி.

ஐந்தாம் வருஷம் நாற்பத்தோராவது எட்டிலேயே வரப்பு இடித்தது. இப்படியே போனால் பிள்ளைகளுக்குப் பட்டாதான் மிஞ்சும், நிலம் மிஞ்சாது என்று பயந்துபோய் மனுக் கொடுத்தாள்.

விசாரணை வயலிலேயே நடந்தது. தாசில்தாருக்கு நாற்காலி, குடை, இளநீர் எல்லாம் இராஜாங்கம் உபயம். அளந்து பார்த்ததில் பதினைந்து குழியைக் காணோம். தெற்கே உள்ள பண்ணையாருடைய வயலுக்கும் தங்கம்மாள் வயலுக்கும் நடுவில் இருந்த வரப்பு, எல்லைக்கல்லையும் கூட்டிக்கொண்டு, வடக்கே வந்திருந்தது.

இராஜாங்கம், பட்டணத்தில் படிக்கும் மகனின் பாடப்புத்தகத்தைப் பிரித்தார்.

"பூமி பெரிய பெரிய தட்டா இருக்குங்க. நம்ம தட்டு வருஷத்துக்கு ரெண்டு அங்குலம் வடக்க போவுது. அது போய் முட்டித்தான் இமயமலையே எழும்புச்சு. அந்தச் சக்திக்கு என் வரப்பு எம்மாத்திரம்?"

தாசில்தார் பயபக்தியோடு எழுதிக்கொண்டார். "ரெண்டு அங்குலம் சரி. இங்க பதினேழு அடி போயிருக்கே?"

"வண்டல் மண்ணுங்க. வழுக்கும்."

விளக்கம் 'விஞ்ஞானபூர்வமாக' இருந்ததால் தாசில்தார் மேற்கொண்டு குடையவில்லை.

"தெக்கு வரப்பு போச்சுன்னா வடக்கு வரப்பும் சேந்துதான போவணும்?" என்றாள் தங்கம்மாள். "அது வச்ச எடத்துலயே இருக்கே."

"அது வேற தட்டு," என்றார் இராஜாங்கம்.

"நகத்துற விசை எதுங்க?" என்று கேட்டார் தாசில்தார். படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் போட்டிருந்தார்.

"பூமிக்கு அடியில ஒரு சூடுங்க. கண்ணுக்குத் தெரியாது."

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஐயாவு துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

"அது நான்தாங்க. பண்ணையில வருஷா வருஷம் வரப்பு வெட்டக் கூப்புடுவாங்க. தெக்கால வெட்டி வடக்கால அணைடான்னு சொல்லுவாங்க. மாட்டேன்னா எங்க தெருவுல ஒருத்தருக்கும் மறுநா வேலை கெடையாது."

தங்கம்மாளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "பாவி மனுசா, உன் கையாலயா வெட்டுன?"

தாசில்தார் எழுதிய தாளைத் திருப்பிப் பார்த்தார். "கண்ணுக்குத் தெரியாதுன்னு எழுதியாச்சேப்பா. அடிச்சுத் திருத்துனா மேல கேள்வி வரும்," என்றார். 'இயற்கை நகர்வு. யாரும் பொறுப்பல்ல. அரசு தலையிட இயலாது' என்று முடித்து இராஜாங்கத்திடம் கையெழுத்து வாங்கினார்.

மறுநாள் விடிந்ததும் தங்கம்மாள் ஐயாவுவின் கையில் மண்வெட்டியைக் கொடுத்தாள். தெருவே கூட வந்தது. இராஜாங்கம் காபி குடித்துவிட்டு வயலுக்கு வருவதற்குள் பூமி பதினேழு அடி தெற்கே போயிருந்தது.

அவர் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார்.

"வரப்பு நகர்றது இயற்கைன்னு நேத்துதான கையெழுத்துப் போட்டீங்க?" என்றார் ஏட்டு.

"அது வேறங்க. ஆள் வச்சு, மம்பட்டி போட்டு, அடுத்தவன் மண்ணை வெட்டிக்கிட்டா அதுக்குப் பேரு என்ன? திருட்டு. நல்லா எழுதுங்க, திருட்டு."

ஏட்டு அப்படியே எழுதினார். பிறகு நிமிர்ந்து, மிகுந்த மரியாதையுடன் கேட்டார்:

"எந்த வருஷத்துலேர்ந்துன்னு போடட்டுங்க?"