ஒரு பாறையும் இரண்டு முக்காலிகளும்

வெண்திரை விரித்த வேந்தன் வாழ்க. காதிரண்டும் தெரியக் கழுத்தை நிமிர்த்தி, நகைமுகத்தாரையும் நகையாது அடக்கி, ஊரார் முகங்களையெல்லாம் பாஸ்போர்ட் அளவுக்குள் சிறைப்பிடித்த ஸ்டூடியோக்கார அண்ணலின் புகழைப் பாடப் புகுகின்றோம். கேட்போர் கொட்டாவியைச் சற்றே அடக்குவீராக.

அத்தகு பெருமகனின் கடைச்சுவரில் ஓர் ஆணி வெறுமையாய் நின்றது. தெருவுக்கு அப்பால், தீராப் பகைவனாம், அவனும் ஸ்டூடியோக்காரனேயாம் எதிர்க்கடைக்காரனின் கண்ணாடிக்குப் பின்னேயோ, வைகறை நீர்த்தேக்கம் ஆளுயரப் படமாய்த் திகழ்ந்து, வருவோர் போவோரையெல்லாம் உள்ளே இழுத்தது. மணமக்கள் அங்கே சென்றனர். மூக்குக்கண்ணாடியைக் கழற்ற மறுப்போர் மட்டுமே இங்கே வந்தனர். இது பொறாத இல்லத்தரசி, ஆணியைத் துடைத்தவாறே போர்முரசு அறைந்தாள்: "அணை ரொம்பிடுச்சாம். நாளைக்குக் காலையில மதகைத் தொறந்துடுவாங்களாம். அதுக்குள்ள ஒரு படம் எடுத்துட்டு வாங்க. இல்லேன்னா இந்த ஆணியில உங்க சட்டையைத்தான் மாட்டுவேன்."

காக்கை விழிக்குமுன் கிளம்பினான் எம்மான். தோளிலே கேமரா, கக்கத்திலே அதைத் தாங்கும் முக்காலி, செவிமறைத்த கம்பளிக் குல்லாயே கவசம். கரைகாத்துக் குரைத்த நாயைப் பிஸ்கட்டால் வென்று, பனிநனைந்த படியில் வழுக்கி விழுந்தும் யாரும் பார்க்கவில்லையாதலால் விழாதவனாகவே எழுந்து, நீரும் மலையும் நேர்படத் தெரியும் ஒரே இடமாகிய தாழ்பாறையை அடைந்தான். அந்தோ, அங்கே எதிர்க்கடைக்காரன். பழைய படம் வெயிலில் வெளுத்தமையால் புதிதொன்று கொள்ள வந்தவன், தன் முக்காலியை ஊன்றிக்கொண்டிருந்தான்.

மூண்டது பெரும்போர். கட்டிலகலப் பாறையில் முக்காலிகளின் கால்கள் போர்க்களிறுகளின் கொம்புகளெனப் பின்னின. முழங்கை முழங்கையை மோதிற்று. குல்லாய் கழன்று குளிர்புனலில் வீழ்ந்து வீரமரணம் எய்திற்று.

"இந்த இடத்தை நான் போன மாசமே பாத்து வச்சுட்டேன்" என்று முழங்கினான் வேந்தன்.

"பாறை என்ன உங்க மாமனார் எழுதி வச்சதா?" என்று இடித்தான் பகைவன்.

இடித்த வேகத்தில் தானே சறுக்கி, முழங்காலளவு நீரில் போய் நின்றான். நின்றவன் நகர மறுத்தான். "நான் இல்லாம நீங்க அணையை எடுக்கவே முடியாது" என்று சூளுரைத்து, கேமராவின் கண்ணுக்கு நேரே விறைத்தான்.

அவ்வேளை எழுந்தது மூடுபனி. மலை மறைந்தது, மரம் மறைந்தது, நீரும் மறைந்தது. பகைவனின் பின்னே பால்வெள்ளைத் திரையொன்று சுருக்கமின்றி விரிந்தது. இளங்கதிர் அவனது இரு கன்னத்திலும் நிழலின்றிப் பரவிற்று. கண்டான் வேந்தன், கண்டவன் அணை மறந்தான், ஆணி மறந்தான், மனைவியையும் மறந்தான். கை தானாகவே கேமராவை நெடுக்குவாட்டில் திருப்பிற்று. வாய் தானாகவே மொழிந்தது: "மோவாயைக் கொஞ்சம் இறக்குங்க. சிரிக்காதீங்க. காது தெரியட்டும்."

பகைவனும் அத்தொழிலிலேயே நரைத்தவனன்றோ? பிறரை ஏவியேவிப் பழகிய உடல், தானும் பணிந்தது. முடியைக் கோதினான், காதை விடுவித்தான், மூச்சையடக்கினான். ஒரே கிளிக்.

"ஆச்சு, எந்திரிக்கலாம்" என்றான் வேந்தன், நின்றுகொண்டிருந்தவனிடம். பிறகு முக்காலியை மடக்கி, பகைவனைக் கைகொடுத்துக் கரையேற்றி, வேலை முடிந்த நிறைவோடு பாதிவழி இறங்கிய பின்னரே வந்த காரியம் நினைவுக்கு வர, மூச்சிரைக்கத் திரும்பியோடினான். பனி விலகியிருந்தது. மதகும் திறந்திருந்தது, பளிங்குநீர் கலங்கிச் சேறாய்ப் புரண்டது. பாறைமீது அமர்ந்து, வெட்கத்தை விட்டு அழுதான் எம்மான்.

கடையில் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்த இல்லத்தரசி, "அணை எங்க?" என்று ஒரே கணை தொடுத்தாள்.  பனியில் நனைந்த வேந்தனின் சட்டை ஆணியேறிற்று. அதன் கீழே அவன் சாம்பிக் கிடக்க, தெருவைக் கடந்து, சேறுபடிந்த செருப்பு சளசளக்க, கடைவாயிலில் வந்து நின்றான் பகைவன். கண்டோர் நெஞ்சம் நடுங்கிற்று.

எதிர்க்கடைக்காரர், "பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கணும், காலையில எடுத்த படத்துல எட்டு காப்பி போட்டுக் குடுங்க" என்று கேட்டார்.